பெனிடோர்ம்: கடலும் மலையும் தண்ணீரும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஸ்பெயின் நாட்டுக் கடற்கரையில் நாங்கள் கண்டவற்றைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தனர். அயல்நாடு சென்று மீண்டோர் ஆங்குள்ள மாட மாளிகைகளையும் விளக்கொளியையும் வருணித்து அமர்வது வழக்கம். அவற்றையும் சிறிது சொல்லுவோம். ஆயினும் எங்கள் உள்ளத்தில் நிலைத்துத் தங்கியது அவ்வூரின் தண்ணீர்க் கதையே ஆகும்.

அலிகாந்தே நகரிலிருந்து கடலோரமாகச் செல்லும் டிராம் வண்டியில் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான பயணத்தில் பெனிடோர்மை அடையலாம். ஒருபுறம் மத்தியதரைக் கடலின் நீலம். மறுபுறம் வறண்ட குன்றுகள். ஊருக்கு இரண்டு மணற்கரைகள் உள்ளன. கதிரவன் எழும் திசையில் உள்ளது லெவாந்தே. அதன் நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். கதிரவன் சாயும் திசையில் உள்ளது போனியெந்தே. அது ஏறத்தாழ 3 கிலோமீட்டர். இரண்டிற்கும் இடையே கடலுக்குள் நீண்டிருக்கும் பாறை முனையில் பண்டு ஒரு கோட்டை நின்றது. இன்று அவ்விடம் வெண்ணிறச் சுவர்கள் சூழ்ந்த காட்சி மேடையாக விளங்குகிறது.

அம்மேடையில் நின்று திரும்பிப் பார்த்தால், 1,406 மீட்டர் உயரமுள்ள புச் கம்பானா மலை தோன்றும். அதன் உச்சியருகே யாரோ வெட்டி எடுத்தாற்போன்ற ஒரு பிளவு. எதிரே கடலில் ஒரு சிறு தீவு. இவ்விரண்டையும் இணைத்து மக்கள் ஒரு கதை சொல்லுவர். ரொல்தான் என்னும் வீரனின் காதலி, மாலைக் கதிரின் கடைசி ஒளி மறையும்போது உயிர் நீப்பாள் என்பது விதி. அவ்வொளியைச் சிறு பொழுதேனும் நீட்டிக்க எண்ணி அவன் மலையின் ஒரு துண்டைப் பெயர்த்தெறிந்தான். அது கடலில் வீழ்ந்து தீவாயிற்று என்பர். பிரிவைச் சிறிது நேரம் தள்ளிப்போட மலையையே உடைத்தவனின் கதை எம்மொழியாருக்கும் விளங்கும்.

1325ஆம் ஆண்டில் குடியேற்ற உரிமைப் பட்டயம் பெற்ற இவ்வூர், நெடுங்காலம் மீனவர் ஊராகவே இருந்தது. கடலில் சுவர்போல் வலைகளை நிறுத்திச் சூரை மீன்களை அடைத்துப் பிடிக்கும் முறைக்கு அல்மத்ராபா என்று பெயர். அத்தொழிலை நடத்தும் தலைவர்களுக்குப் பெயர்பெற்றது பெனிடோர்ம். 1950ஆம் ஆண்டில் ஊரின் மக்கள்தொகை 3,000க்கும் குறைவு. மீன்வளம் குன்றிய அக்காலத்தில், நகரத் தலைவராயிருந்த பெத்ரோ சராகோசா என்பார் விருந்தினரை நம்பி ஊரை வளர்க்கத் துணிந்தார். 1956இல் நகரமைப்புத் திட்டம் வகுக்கப்பட்டது. 1959இல் பாடல் விழா தொடங்கியது. 1968இல் அவ்விழாவில் வென்ற இளைஞரே பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பாடகர் ஹூலியோ இக்லேசியாஸ். 1967இல் அலிகாந்தே அருகே வானூர்தி நிலையம் திறக்கப்பட்டது. பின்னர் வானளாவிய கட்டடங்கள் வரிசையாக எழுந்தன. 2002இல் திறக்கப்பட்ட பாலி என்னும் விடுதியின் உயரம் 186 மீட்டர். விடுதிகளில் உழைக்க அந்தலூசியா முதலிய பகுதிகளிலிருந்து குடும்பங்கள் வந்து குடியேறின. பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நமக்கு அவர்களது நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனித் தண்ணீருக்கு வருவோம். மழை குன்றிய அந்நிலத்தில் இத்தனை பேர் குளிக்கவும் குடிக்கவும் நீர் எங்கிருந்து வரும்? 1978ஆம் ஆண்டு வறட்சியில் இக்கேள்வி கூரிய வாளாகத் தலைமேல் தொங்கியது. கப்பல்களில் குடிநீர் ஏற்றிவந்து இறக்க நேர்ந்தது. கண்ணெதிரே கடல் நிறைந்திருக்க, குடிக்கும் நீர் கப்பலில் வந்தது!

விடை மலைப்பக்கம் இருந்தது. நாங்களும் ஒருநாள் அத்திசையே சென்றோம். கடலிலிருந்து சில மைல் உள்ளே காயோசா என்னும் ஊர்; அங்கே சரிவுகளெல்லாம் லொக்காட் பழத்தோட்டங்கள். அருகே அல்கார் ஊற்றுகள் பாறையிடையே அருவிகளாக இறங்குகின்றன. அல்கார் என்பது குகையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். 1609ஆம் ஆண்டு ஆணையால் நாடுகடத்தப்பட்ட மொரிஸ்கோ மக்களின் முன்னோர் விட்டுச்சென்ற படிவயல்களும் வாய்க்கால் அறிவும் அம்மலைகளில் இன்றும் பயன் தருகின்றன. மக்கள் போயினர், அவர்தம் சொற்களும் நீர்வழிகளும் நின்றன. இன்னும் மேலே குவதலெஸ்த் என்னும் சிற்றூர். பாறையைக் குடைந்த வாயில் வழியே உள்நுழைந்து, 1644ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்த கோட்டையின் அருகே நின்றால், கீழே பள்ளத்தாக்கில் நீர்த்தேக்கம் பச்சை மணிபோல் ஒளிர்கிறது.

அந்நீர் உழவருக்குரியது. நகரமோ தாகத்தால் வாடியது. வலியவன் எளியவனிடமிருந்து பறிப்பதே உலகியல் எனலாம். அங்கே வேறு வழி கண்டனர். 1977இல் அப்பகுதி ஊர்கள் கூடி நீர்க் கூட்டமைப்பு ஒன்றை நிறுவின. உழவர் தம் தூய நீரில் ஒரு பகுதியை நகரங்களுக்கு விட்டுக்கொடுப்பர். நகரங்களோ தாம் பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துக் கடலோரச் சமவெளியின் பாசனத்திற்குத் திருப்பியளிக்கும். கடலோரக் கழிவுநீரில் உப்பு மிகுதி. அது பயிருக்கு ஆகாது. ஆதலால் உப்பை நீக்கும் பொறிகளும் பெனிடோர்ம் சுத்திகரிப்பு நிலையத்தில் அமைக்கப்பட்டன. இவ்வாறு விருந்தினர் குளித்த நீர் தோட்டங்களுக்குப் பாய்கிறது.

இவ்வேற்பாட்டில் குறைகள் இல்லாமலில்லை. வறட்சி வரும்போதெல்லாம் யாருக்கு எவ்வளவு என்ற வழக்கு மீண்டும் எழுவது இயல்பே. மேலும், விருந்தினரை மட்டுமே நம்பும் ஊருக்கு ஆபத்து உண்டு என்பதை 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்று காட்டியது. எல்லைகள் மூடப்பட, அம்மணற்கரைகள் வெறிச்சோடின. எனினும், வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும் என்ற கடமையை ஓர் ஒப்பந்தமாக்கி, அதற்குக் குழாயும் பொறியும் அமைத்து, ஆண்டுதோறும் நடத்திவருவது சிறு செயலன்று.

வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். விருந்தோம்பலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். நீர் இன்றி விருந்து இல்லை என்பதை நம் இல்லத்தரசியர் நன்கு அறிவர். கோடையில் குழாய் வறண்டு, தண்ணீர் லாரியின் வரவுக்காக நம் குடியிருப்பில் குடங்கள் வரிசையில் நிற்கும்போது, அந்த லாரி எந்த ஊர்க் கிணற்றிலிருந்து நிரம்பி வருகிறது, அக்கிணற்றுக்கு உரியவர்க்கு நாம் என்ன திருப்பித் தருகிறோம் என்று ஒருமுறையேனும் கேட்போமாக. அழகிய கடற்கரையைக் காணச் சென்ற நாங்கள் கொண்டுவந்த பொருள் இக்கேள்வி ஒன்றே. இதனைச் சங்கத்தின் முன் வைத்து அமைகிறோம்.