புதிய கைபேசி: தேவையா, ஆசையா?
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)





வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு, அனைவரும் உன்னிப்பாகக் கேட்டு, ஒப்புதலும் அளித்தோம். பள்ளிவாசலின் மின்கட்டணம் சற்றுக் கூடியிருந்தால் கூட "ஏன்?" என்று கேட்கும் நல்ல வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தக் கேள்வியை நம் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட ஒரு செலவின் மீதும் எழுப்ப வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம். அச்செலவு கைபேசிச் செலவு. புதிய கைபேசி வாங்குவதா, பழையதையே வைத்துக்கொள்வதா, எந்த நிறுவனத்தின் எந்தத் திட்டத்தில் சேர்வது என்ற பேச்சு எழாத வீடு நம்மிடையே அரிது.

இதில் நாம் முதலில் தெளிய வேண்டியது ஒன்றுண்டு. கைபேசி என்று நாம் ஒரே சொல்லில் குறிப்பிடுவது உண்மையில் மூன்று பொருட்கள். ஒன்று, கையில் இருக்கும் கருவி. இரண்டு, மாதந்தோறும் பணம் கட்டும் திட்டம். மூன்று, நம் எண். கடைக்காரர் மூன்றையும் ஒன்றாகக் கட்டி விற்கிறார். வாங்குகிற நாம் மூன்றையும் பிரித்து, தனித்தனியே தீர்மானிக்க வேண்டும். மூன்றிலும் விலை மதிப்பற்றது எண்தான். ஆனால் நம் கவனம் முழுவதும் கருவியின் மீதே இருக்கிறது.

வந்த வழி

1995 ஜூலை 31 அன்று இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு கொல்கத்தாவிலிருந்து தில்லிக்குப் பேசப்பட்டது. அக்காலத்தில் அழைப்பவர் மட்டுமின்றி, அழைப்பை ஏற்பவரும் பணம் கட்ட வேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் வரும் அழைப்புகள் இலவசமாயின. 2005ஆம் ஆண்டின் இறுதியில் 'வாழ்நாள் முழுவதும்' என்ற பெயரில் 999 ரூபாய்த் திட்டங்கள் வந்தன. ஒருமுறை கட்டினால் போதும், ஆயுள் முழுதும் அழைப்பு வரும் என்று நம்மில் பலர் வாங்கினோம். 2018ஆம் ஆண்டின் இறுதியில், மாதம் குறைந்தது 35 ரூபாய் செலுத்தாவிடில் வரும் அழைப்பும் நிற்கும் என்ற நிலை வந்தது. வாழ்நாள் என்பது 13 ஆண்டுகளில் முடிந்துபோயிற்று.

நம் தமிழ்நாட்டு மக்கள் மறக்கக் கூடாத பாடம் 2018 பிப்ரவரி மாதத்தில் நிகழ்ந்தது. 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல், ஒரு காலத்தில் இம்மாநிலத்தின் மூலைமுடுக்குகளிலெல்லாம் ஒலித்த பெயர். கடன் சுமையால் அதன் கோபுரங்கள் அடுத்தடுத்து அணைந்தன. மாநிலமெங்கும் வாடிக்கையாளர்கள் அதன் அலுவலகங்களின் முன் திரண்டனர். வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கான குறியீட்டு எண் குறுஞ்செய்தியாகத்தான் வர வேண்டும். குறுஞ்செய்தியைக் கொண்டுவர அலைவரிசையே இல்லை. அம்மாத இறுதியில் அந்நிறுவனம் திவால் மனு அளித்தது. நிறுவனம் எத்தனை பெரிதாயினும், ஒரு வீட்டின் எல்லா எண்களையும் ஒரே இடத்தில் ஒப்படைப்பது விவேகமன்று என்பதை அந்நாட்கள் காட்டின.

கருவி: மூன்று கேள்விகள்

புதிய கருவி வேண்டும் என்று வீட்டில் பிள்ளைகள் கேட்கும்போது, பழைய கருவியிடம் மூன்று கேள்விகள் கேட்போமாக.

முதற்கேள்வி: அதற்குப் பாதுகாப்பு மேம்பாடு இன்னும் வருகிறதா? கருவியின் அமைப்புப் பகுதியில் கடைசியாக மேம்பாடு வந்த தேதி இருக்கும். அது நின்று நெடுநாள் ஆகியிருந்தால், அக்கருவியில் வங்கிச் செயலியை வைத்திருப்பது பூட்டில்லாத பெட்டியில் நகையை வைப்பதற்கு ஒப்பாகும். மிகப் பழைய கருவிகளை விட்டுச் செயலிகளும் விலகுகின்றன. ஆண்ட்ராய்டு 4.4 கருவிகளில் 2025 ஜனவரி 1 முதல் வாட்ஸ்அப் ஆதரவு நிறுத்தப்பட்டது. எனவே புதிதாக வாங்குவோர் கேமராவின் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன், எத்தனை ஆண்டுகளுக்கு மேம்பாடு தரப்படும் என்று கேட்பது நலம். 2023இல் கூகுளும் 2024இல் சாம்சங்கும் தங்கள் உயர்விலைக் கருவிகளுக்கு ஏழு ஆண்டுகள் என்று அறிவித்தன. குறைந்த விலைக் கருவிகளுக்கு இக்காலம் பெரும்பாலும் மிகக் குறைவு.

இரண்டாம் கேள்வி: பழுது உண்மையில் கருவியிலா, பேட்டரியிலா? பேட்டரி தேயும் பொருள். அதை மாற்றினால் பல கருவிகள் மேலும் ஓரிரு ஆண்டுகள் உழைக்கும்.

மூன்றாம் கேள்வி: நம் வீட்டில் கிடைக்கும் அலைவரிசையை அது ஏற்குமா? ஜியோ நிறுவனத்துக்கு 4ஜியும் 5ஜியும் மட்டுமே உண்டு; ஆகவே பழைய 2ஜி பொத்தான் கைபேசி அதில் பேசாது. பி.எஸ்.என்.எல். நிறுவனமோ 2025 செப்டம்பர் 27 அன்றுதான் தன் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி சேவையை நாடெங்கும் 97,500 கோபுரங்களுடன் முறைப்படி தொடங்கிற்று.

இம்மூன்றுக்கும் விடை சாதகமாக இருப்பின், புதிய கருவி தேவையன்று, அது ஆசை. ஆசை குற்றமென்று நாம் கூறவில்லை. ஆனால் ஆசையைத் தேவை என்று பெயர் மாற்றி வாங்குவது வீண்விரயத்தின் முதற்படி.

5ஜி குறித்தும் ஒரு சொல். 2022 அக்டோபர் 1 அன்று அது இந்தியாவில் தொடங்கப்பட்டது. அது பெரிதும் பயன்படுத்தும் 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகம் மிக்கது. ஆனால் தொலைவு செல்லாது, சுவர்களை ஊடுருவுவதிலும் வலிமை குறைந்தது. சென்னையிலிருக்கும் உறவினர் புகழ்ந்தார் என்பதற்காக நம் ஊரில் வாங்கலாகாது. அந்நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் அண்டை வீட்டாரை நம் வீட்டுக்குள் அழைத்து, உள்ளறையில் நின்று பேசச் செய்து பாருங்கள். அதைவிடச் சிறந்த சோதனை வேறில்லை.

தவணை எனும் பொறி

'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரம் நம்மவரைப் பெரிதும் ஈர்க்கிறது. வட்டியில்லை என்ற சொல்லே நமக்கு ஆறுதல் அளிக்கிறது. ஆனால் பூஜ்ய வட்டி என்ற ஒன்று கிடையாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. இத்தகைய தவணைகள் பலவற்றில், வங்கி வட்டி போடவே செய்கிறது. அதற்கு ஈடான தொகையை விற்பவர் விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார். அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு வரியும், செயலாக்கக் கட்டணமும் தனியே நம் தலையில் விழுகின்றன. கணக்கு அறிக்கையில் வட்டி என்ற சொல் அச்சாகியே வரும். இதன் மார்க்கத் தீர்ப்பை ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டறிக. நாம் கூறுவது இவ்வளவே: கையெழுத்திடும் முன் தாளில் வட்டி என்ற வரி உள்ளதா என்று பாருங்கள். ரொக்கமாக வாங்குவோர் அதே தள்ளுபடியைத் தமக்கும் தரும்படிக் கேளுங்கள்.

திட்டம்: பதின்மூன்று மாத ஆண்டு

கருவி வாங்கப் பத்து நாள் யோசிக்கிறோம். திட்டத்தைப் பத்து நொடியில் முடிவு செய்கிறோம். ஆனால் கணக்குப் போட்டால் திட்டமே கருவியை விஞ்சுகிறது. 28 நாள் திட்டத்தை ஓராண்டில் 13 முறை கட்ட வேண்டும். 2024 ஜூலை உயர்வில் ஜியோவின் 239 ரூபாய்த் திட்டம் 299 ரூபாய் ஆயிற்று. 299 ரூபாய் 13 முறை என்றால் 3,887 ரூபாய். நால்வர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 15,548 ரூபாய். ஒரு நல்ல கைபேசியின் விலை ஆண்டுதோறும் சத்தமின்றிக் கரைகிறது.

இந்நால்வருக்கும் நாள்தோறும் இணையம் வேண்டுமா? பொத்தான் கைபேசியில் பேச மட்டுமே தெரிந்த நம் பாட்டிமார்களும் இணையத்துக்குப் பணம் கட்டி வந்தனர். இதைக் கண்ட தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி செய்தது. அவ்வாறு 2025 ஜனவரியில் ஏர்டெல் அறிவித்த 365 நாள் திட்டத்தின் விலை 1,849 ரூபாய். மேற்சொன்ன வீட்டில் இருவர் இணையத் திட்டத்திலும், பெரியவர் இருவர் பேச்சுத் திட்டத்திலும் இருந்தால் மொத்தம் 11,472 ரூபாய். மீதம் 4,076 ரூபாய். விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். கணக்கிடும் முறை மாறாது. 28 நாள் வேண்டாம் என்போருக்கு, ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் இருக்க வேண்டும் என்பது 2022 முதல் டிராயின் விதி. கடையில் பெயர் சொல்லிக் கேட்டால்தான் இவை வெளியே வரும்.

இன்னொன்று, நம் கரையோரத்துக்கே உரியது. 2020 நவம்பரில் நிவர், 2022 டிசம்பரில் மாமல்லபுரம் அருகே கரை கடந்த மாண்டஸ், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று புயல்களைக் கண்ட கரை இது. புயலில் மின்சாரம் நின்றால், கோபுரத்தின் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறதோ அத்தனை நேரமே அலைவரிசை. ஒரு நிறுவனத்தின் கோபுரம் ஓய்ந்தாலும் இன்னொன்று இயங்கக்கூடும். ஆகவே ஒரு வீட்டில் குறைந்தது இரு நிறுவனங்களின் எண்கள் இருப்பது நன்று.

எண்: நம் அமானிதம்

இனி, தலையாயதற்கு வருவோம். வங்கிக் கணக்கு, ஆதார், எரிவாயு இணைப்பு, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் பணம் ஆகிய யாவற்றின் திறவுகோலும் அந்தப் பத்து இலக்க எண்ணே. ஹஜ் பயணிகளுக்கு 2024 மார்ச்சில் அறிமுகமான ஹஜ் சுவிதா செயலிக்கும், ரவ்ளா ஷரீஃபில் தொழ அனுமதி பெறும் நுஸுக் செயலிக்கும் கைபேசியும் எண்ணும் வேண்டும்.

இரண்டாவது சிம் என்று ஒதுக்கி வைத்த எண்ணே வங்கியில் பதிந்த எண்ணாக இருப்பதுண்டு. தொடர்ந்து 90 நாட்கள் பயன்பாடு இல்லாத எண்ணை நிறுவனம் முடக்கலாம். முடக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாட்கள் கழிந்தபின் வேறொருவருக்கு வழங்கப்படலாம் என்பதை 2023இல் உச்ச நீதிமன்றத்தில் டிராயே தெரிவித்தது. அதன்பின் நம் வங்கிக் குறுஞ்செய்தி அறிமுகமற்ற ஒருவரின் கையில் ஒலிக்கும். எனவே எண்ணை விடுவதாயின் முதலில் வங்கியிலும் ஆதாரிலும் மாற்றுங்கள், பிறகு விடுங்கள்.

திட்டம் பிடிக்கவில்லை என்றால் எண்ணை விட வேண்டியதில்லை. 2011 ஜனவரி முதல் அதே எண்ணுடன் நிறுவனம் மாறும் உரிமை நாடெங்கும் உண்டு. 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி மாறலாம். சிம் அட்டையை மாற்றிய ஏழு நாட்களுக்குள் மட்டும் நிறுவனம் மாற இயலாது. மோசடியைத் தடுக்க 2024 ஜூலை 1 முதல் வந்த கட்டுப்பாடு அது.

சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கையிலிருக்கும் சிம் யார் பெயரில் உள்ளது? கடைக்காரர் பெயரிலா, மச்சான் பெயரிலா, மறைந்த கணவரின் பெயரிலா? பெயருக்குரியவர் வந்தாலன்றி, தொலைந்த சிம்முக்கு மாற்று கிடைப்பது கடினம். இத்தாவில் இருக்கும் ஒரு பெண், குடும்பப் பணத்துக்கு வழியின்றி நிற்கக் காரணம் ஒரு சிறு அட்டையாக இருக்கலாகாது. 2023 மே மாதம் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி அரசு வலைத்தளத்தில், நம் பெயரில் எத்தனை எண்கள் உள்ளன என்று காணலாம். நமக்குத் தெரியாத எண்ணைப் புகாரளித்து நீக்கலாம். தொலைந்த கருவியையும் முடக்கலாம். பழைய கைபேசி வாங்குவோர் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை அங்கே சரிபார்க்காமல் பணம் தர வேண்டாம். மோசடியில் பணம் இழந்தால் சற்றும் தாமதியாமல் 1930 எண்ணை அழையுங்கள்.

ஒரு முன்மொழிவு

நிர்வாகத்திடம் நாம் வைக்கும் கோரிக்கை எளியது. மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பின் மதரஸா கூடத்தில் நம் படித்த இளைஞர்கள் இருவர் அமரட்டும். பெரியவர்களின் கைபேசியை வாங்கி நான்கே காரியங்கள் பார்க்கட்டும்: எண் யார் பெயரில், காலாவதி என்று, எந்தத் திட்டம், மேம்பாடு வருகிறதா. பெண்களுக்கு நம் வீட்டுப் பெண்பிள்ளைகளே இதைச் செய்யட்டும். புதிய கருவி வாங்குவோர், பழையதன் தகவல்களை முற்றிலும் அழித்து, உழைக்கும் நிலையிலிருந்தால் ஜமாஅத்திடம் ஒப்படைக்கலாம். அது ஒரு மாணவனுக்கோ, தனித்திருக்கும் ஒரு தாய்க்கோ போய்ச் சேரும். செலவு ஏதுமில்லை, வேண்டியது ஒரு மணி நேரமும் பொறுமையும்.

பள்ளிவாசலின் கணக்கைத் தட்டிக் கேட்கும் நாம், நம் கையிலிருக்கும் கணக்கையும் கேட்போம். மீதமாகும் பணம் பிள்ளைகளின் கல்விக்கும் இல்லாதோரின் தேவைக்கும் செல்லட்டும். வல்ல அல்லாஹ் நம் பொருளில் பரக்கத்தையும், செலவில் நிதானத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.