திரும்பி இறங்க இடமில்லாத விமானம்

நவராத்திரி வந்துவிட்டால், தமிழர் எந்த ஊரில் குடியிருந்தாலும் அவர்கள் வீட்டில் கொலு வந்துவிடும். படிகளில் பொம்மைகளை அடுக்கிய பின், தரையில் எஞ்சிய இடத்தில் பிள்ளைகள் ஒரு பூங்காவையோ கோயிற் குளத்தையோ அமைப்பார்கள். நீருக்குக் கண்ணாடித் துண்டு, புல்லுக்கு முளைவிட்ட கேழ்வரகு, பாதைக்கு மணல் என்று கையில் கிடைத்தவற்றைக் கொண்டே ஓர் உலகம் உருவாகிவிடும். மேல்நாட்டார் ‘டயராமா’ என்று வழங்கும் கலை இதற்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம். வேற்றுமை அளவில்தான் இருக்கிறது. கொலுவில் செட்டியார் பொம்மை கோபுரத்தைவிட உயரமாக இருந்தாலும் எவரும் குறை சொல்வதில்லை. டயராமாவிலோ மனிதன், இயந்திரம், கடல் அனைத்தும் ஒரே விகிதத்துக்குக் கட்டுப்பட்டவை.

அத்தகைய காட்சி ஒன்றை நாம் அண்மையில் அமைத்து முடித்தோம். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பலின் முனையிலிருந்து ஏவப்பட்ட ‘ஹரிக்கேன்’ போர் விமானமே அதன் பொருள். பொழுதுபோக்காகத் தொடங்கிய அவ்வேலை, முடிவதற்குள் நமக்கு ஒரு சரித்திரப் பாடமாகிவிட்டது. அந்தப் பாடத்தைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறோம்.

முதலில் பின்னணியைப் பார்ப்போம். 1940-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரான்ஸ் வீழ்ந்தது. அதன் மேற்குக் கரையில் உள்ள போர்டோ நகரின் அருகே ஜெர்மானியர் ‘காண்டர்’ என்னும் நான்கு எஞ்சின் விமானங்களைக் கொண்டுவந்து நிறுத்தினர். காண்டர் முதலில் பிரயாணிகளுக்காக உருவாக்கப்பட்டது. 1938-ல் பெர்லினிலிருந்து நியூயார்க் வரை இடையில் எங்கும் இறங்காமல் பறந்து புகழ்பெற்றது. அந்த நீண்ட மூச்சே இப்போது ஆயுதமாயிற்று. அட்லாண்டிக் கடலில் வெகுதூரம் சென்று கப்பல்கள்மீது குண்டு வீசியது. கப்பற் கூட்டம் செல்லும் இடத்தை நீர்மூழ்கிகளுக்குத் தெரிவிக்கவும் செய்தது. பிரிட்டனின் உணவும் எண்ணெயும் அக்கப்பல்களில்தான் வந்தாக வேண்டும். கரையிலிருந்து புறப்படும் போர் விமானங்கள் அவ்வளவு தூரம் எட்டமாட்டா. விமானந்தாங்கிக் கப்பல்களோ போதிய எண்ணிக்கையில் இல்லை.

இந்த நெருக்கடியில் பிறந்த யோசனை எளியது. எளியதாக இருப்பதாலேயே பயங்கரமானது. சரக்குக் கப்பலின் அணியத்தில், அதாவது முன்முனையில், சுமார் 75 அடி நீளமுள்ள தண்டவாளம் அமைப்பது. அதன்மேல் ஒரு தள்ளுவண்டி. வண்டியின்மேல் ஒரு ஹரிக்கேன். ராக்கெட்டுகள் வெடித்து வண்டியை முன்னே தள்ள, கவணிலிருந்து கல் புறப்படுவதுபோல் விமானம் ஆகாயத்தில் எழும். கப்பல் வழக்கம்போல் தன் சரக்கைச் சுமந்து செல்லும். 1941 மே மாதத்தில் லிவர்பூலை அடுத்த ஸ்பீக் விமானத்தளத்தில் இதற்கெனத் தனிப் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. மொத்தம் 35 சரக்குக் கப்பல்களில் இந்தக் கவண் பொருத்தப்பட்டது.

இனி நம் மேசைக்கு வருவோம். நாம் எடுத்துக்கொண்ட விகிதம் 72-ல் ஒன்று. ஆறடி ஓர் அங்குலமாகச் சுருங்கும் கணக்கு இது. இந்த விகிதத்தில் 40 அடி இறக்கை விரிவுள்ள ஹரிக்கேன் ஏழு அங்குலத்துக்குள் அடங்கிவிடும். தண்டவாளம் பன்னிரண்டரை அங்குலம். மனிதன் ஓர் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. கப்பலை முழுமையாகச் செய்யப் புகுந்தால்தான் ஆபத்து. நானூறு அடிக் கப்பல் ஐந்தரை அடியாகி வீட்டுக் கூடத்தை அடைத்துக்கொள்ளும்! ஆகவே அணியத்தை மட்டும் செய்வதென்று தீர்மானித்தோம். விமானம் பிளாஸ்டிக் பாகங்களாகப் பெட்டியில் வந்தது. கப்பலின் பக்கங்களுக்குத் தடித்த அட்டை, தண்டவாளத்துக்கு மெல்லிய மரக்குச்சிகள், கம்பித் தடுப்புக்குத் தையல் நூல், கடலுக்குப் பிளாஸ்டர் மாவு, நுரைக்குப் பசையில் தோய்த்த பஞ்சு.

முதல் தவறு வண்ணத்தில் நேர்ந்தது. பழுப்பும் பச்சையும் கலந்த மேற்பூச்சைத் திருத்தமாகப் பூசி, மேலே மெருகெண்ணெயும் தடவினோம். விமானம் தொழிற்சாலையிலிருந்து அன்று காலைதான் வந்ததுபோல் பளபளத்தது. யுத்தகாலப் புகைப்படங்களுடன் ஒப்பிட்டபோதுதான் வெட்கமாயிற்று. கப்பல்களுக்குக் கொடுக்கப்பட்டவை புதிய விமானங்கள் அல்ல. பல, ஏற்கெனவே கரைப்படையில் உழைத்துத் தேய்ந்த பழைய ஹரிக்கேன்கள். வயல்வெளியில் மறைந்து நிற்பதற்காகப் பூசப்பட்ட நிறத்தோடேயே அவற்றுள் பல கடலுக்கு வந்தன. அணியத்திலோ கூரை கிடையாது. வாரக்கணக்கில் உப்புநீர் தெறிக்கும். ஆர்க்டிக் கடலில் பனி உறையும். ஆகவே மெருகை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தோம். வண்ணத்தை வெளிறச் செய்தோம். திருகாணித் தலைகளில் துருவின் சாயலும், இறக்கை விளிம்பில் வெண்ணிற உப்புத் திட்டும் வைத்தோம். அழகு குறைந்தது, உண்மை கூடியது.

இந்தக் கட்டத்தில், பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சு பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த நம் மகள் ஒரு கேள்வி கேட்டாள். “அப்பா, இது சண்டை முடிந்து வந்தால் எங்கே இறங்கும்?”

நாம் அணியத்தைப் பார்த்தோம். தண்டவாளத்தின் பின்னால் பாய்மரக் கம்பமும் பளுதூக்கிகளும் நெருங்கி நிற்கின்றன. ஒரு புறா இறங்கலாம். விமானம் இறங்க முடியாது. “எங்கேயும் இறங்காது, அம்மா” என்று சொல்ல வேண்டியதாயிற்று.

உண்மை அதுதான். கரை எட்டும் தூரத்தில் இருந்தாலொழிய, விமானிக்கு இரண்டே வழிகள். ஒன்று, பாராசூட்டுடன் குதிப்பது. மற்றொன்று, விமானத்தைக் கடல்மேல் இறக்கி, அது மூழ்குமுன் வெளியேறுவது. இரண்டாவது வழியின் ஆபத்தை நமக்கு ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு விளக்கியது. ஹரிக்கேனின் வயிற்றுப் புறத்தில் எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் ஒரு பெட்டிபோல் துருத்தி நிற்கும். நீரைத் தொட்டதும் அது அகப்பைபோல் தண்ணீரை வாரும். விமானம் மூக்குக் குப்புற அமிழும். ஒட்டும்போது நகக்கண் அளவே இருந்த துண்டு ஒருவனுடைய உயிரைத் தீர்மானிக்கக் கூடியது என்பதை அப்போது உணர்ந்தோம்.

மகளின் கேள்விக்குப் பிறகு நம் காட்சியின் அமைப்பே மாறிவிட்டது. முதலில், விமானம் பாய்ந்து எழுவதாகவும், எதிரே ஒரு காண்டர் கம்பியில் தொங்குவதாகவும் திட்டமிட்டிருந்தோம். அதைக் கைவிட்டு, ஏவுவதற்கு முந்திய சில விநாடிகளைத் தேர்ந்தெடுத்தோம். அந்த விநாடிகளில் நடப்பவை முறைப்படி வகுக்கப்பட்டவை. விமானி இறக்கையின் பின்புற மடிப்புத் தகடுகளை முப்பது பாகை இறக்குவார்; சுக்கானை மூன்றில் ஒரு பங்கு வலப்புறம் திருப்புவார்; எஞ்சினை முழுவேகத்துக்குக் கொண்டுவருவார். புறப்படும் அதிர்ச்சியில் கழுத்து முறியாதிருக்கத் தலையைப் பின்பலகையில் அழுத்தி, வலது முழங்கையை இடுப்போடு இறுக்கிக்கொண்டு, இடது கையைத் தாழ்த்துவார். தாம் தயார் என்பதற்கு அதுவே அடையாளம். கவண் அதிகாரி மூன்று எண்ணுவார். ஆனால் உடனே விசையைத் தட்டமாட்டார். அலைப்பள்ளத்தில் தாழ்ந்த அணியம் மேலே எழத் தொடங்கும் கணத்துக்காகக் காத்திருப்பார். முன்பாகத் தட்டினால் விமானம் நேரே அலைக்குள் போகும்.

இதைப் படித்ததும் இரண்டாம் தவறு புலப்பட்டது. நாம் கப்பலைத் தட்டையான கடல்மேல் ஒட்டியிருந்தோம். பிளாஸ்டர் கடலை உடைத்து, அடிப்பலகைக்கும் கப்பலுக்கும் இடையே ஓர் ஆப்பு வைத்து, அணியம் சற்று நிமிரும்படி மீண்டும் அமைத்தோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே சென்றன.

இப்படி ஏவப்பட்டவர்கள் கண்டதென்ன? கடற்படையே நடத்திய கவண் கப்பல்களுள் ஒன்று ‘மேப்ளின்’. அதிலிருந்து 1941 ஆகஸ்டு 3-ம் நாள் புறப்பட்ட லெப்டினன்ட் எவரெட் ஒரு காண்டரை வீழ்த்தினார். இவர் 1929-ல் ‘கிராண்ட் நேஷனல்’ குதிரைப் பந்தயத்தில் வென்ற சவாரிக்காரர். சண்டை முடிந்து கடலில் இறங்கிய அவரை ஒரு நாசகாரிக் கப்பல் மீட்டது. 1942 மே மாதம் ‘எம்பயர் மார்ன்’ என்னும் சரக்குக் கப்பலிலிருந்து எழுந்த கெண்டல் என்ற விமானி ஓர் எதிரி விமானத்தை வீழ்த்தினார். ஆனால் குதித்தபோது பாராசூட் உரிய நேரத்தில் விரியவில்லை, உயிர் துறந்தார். அதே கப்பலிலிருந்து அவ்வாண்டு செப்டம்பரில் புறப்பட்ட பர் என்பவர், எரிபொருள் ஏறக்குறையத் தீர்ந்த நிலையில் ரஷ்யாவின் ஆர்க்காங்கெல்ஸ்க் அருகே தரையில் இறங்கினார். நம் மகளின் கேள்விக்கு ‘இதோ, இங்கே’ என்று விடை சொல்லக் கிடைத்த அபூர்வ நிகழ்ச்சி அது.

சரக்குக் கப்பல்களிலிருந்து போருக்காக ஏவப்பட்ட தடவைகளைக் கூட்டினால் பத்துக்கும் குறைவு. அக்கப்பல்கள் சென்று திரும்பிய பிரயாணங்களோ சுமார் 170. முப்பத்தைந்து கப்பல்களில் பன்னிரண்டு மூழ்கின. 1943-ல், சிறிய விமானந்தாங்கிக் கப்பல்கள் போதிய அளவு வந்துசேர்ந்ததும், இம்முறை கைவிடப்பட்டது.

இந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலான பிரயாணங்களில் எதுவும் நடக்கவில்லை. விமானி நாள்தோறும் உடையணிந்து தயாராக இருந்தார். இயந்திரப் பணியாளர் உப்பைத் துடைத்தனர். வானொலிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். பிறகு கரை வந்தது. புத்தகங்கள் பெரும்பாலும் அந்தப் பத்துக்குக் குறைவான பாய்ச்சல்களையே பேசும். ஆனால் ஒரே ஒரு முறை பறப்பதற்காக, திரும்பி இறங்க இடமில்லை என்று தெரிந்தே, பல நாட்கள் காத்திருப்பது எளிய காரியமா? பாய்ந்த வீரத்துக்குச் சற்றும் குறையாதது காத்திருந்த வீரம்.

காத்திருந்தவர்கள் விமானிகள் மட்டும் அல்லர். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் அந்த யுத்தத்தின்போது ஆயிரக்கணக்கான இந்திய மாலுமிகள் வேலை பார்த்தனர். கொதிகலன் அறையிலும் சமையலறையிலும் உழைத்த அவர்களுக்கு ஏறிப் பறக்க விமானமும் இல்லை. ஆகாயத்தில் இரைச்சல் கேட்டால் அது நண்பனா பகைவனா என்று அண்ணாந்து பார்ப்பதே அவர்களால் முடிந்தது. நம் காட்சியில் தடுப்புக் கம்பியருகே இரண்டு மாலுமி உருவங்களை அண்ணாந்து பார்க்கும்படி வைத்திருக்கிறோம். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதைக் காட்டவில்லை. தண்டவாளத்துக்கு முன்னால் வெறும் கடலையே விட்டிருக்கிறோம்.

தலைநகரில் வாழும் அன்பர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். நம் விமானப்படையும் பர்மாப் போர்முனையில் ஹரிக்கேன்களைச் செலுத்தியது. பாலத்திலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஹரிக்கேன் ஒன்று உண்டு. நேரில் காண நேர்ந்தால், அதன் வயிற்றிலுள்ள அந்த ரேடியேட்டர் பெட்டியைக் குனிந்து பாருங்கள்.

நம் வீட்டில் அந்த அணியம் இப்போது புத்தக அலமாரியின் மேல் இருக்கிறது. வருகின்ற நவராத்திரியில் அதைக் கொலுவின் கீழ் வைக்கலாமா என்று மகள் கேட்கிறாள். பூங்காவுக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு போர் விமானமா என்று முதலில் தயங்கினோம். பிறகு சம்மதித்தோம். பார்க்க வருகிறவர்களில் யாரேனும் ஒரு பிள்ளை, ‘இது எங்கே இறங்கும்?’ என்று கேட்காமல் இராது. விடை சொல்ல அவள் இருக்கிறாள்.