வெள்ளைப்படுதல்: வாய்விட்டுப் பேசுவோம்



அழைப்பிதழில் என் தலைப்பை ‘பெண்கள் நலம்’ என்று போட்டிருக்கிறார்கள். நான் பேச வந்தது வெள்ளைப்படுதலைப் பற்றி. மைக்கில் இதைச் சொன்னதும் சிலர் தலையைக் குனிந்துகொண்டீர்கள். பரவாயில்லை, காது கேட்டால் போதும்.

நான் செவிலியராக இருந்தவள். ஓ.பி.யில் பெண்கள் வந்து “இடுப்பு வலி”, “அசதி” என்பார்கள். டாக்டரும் மாத்திரை எழுதிக் கொடுப்பார். சீட்டை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனபிறகு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பி வருவார்கள். “சிஸ்டர், வெள்ளை படுது. எலும்பு உருகி வருதுன்னு மாமியார் சொல்றாங்க, நெஜமா?”

எலும்பு உருகாது, தாயே. கருப்பை வாயும் பிறப்புறுப்பின் உட்சுவரும் அன்றாடம் கசியவிடும் ஈரம் அது. பழைய செல்களை அடித்துக்கொண்டு வெளியே வருகிறது. உள்ளே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. 1892-லேயே டோடர்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர் இவற்றை விவரித்து எழுதிவிட்டார். இவை சுரக்கும் அமிலத்தால்தான் கெட்ட கிருமிகள் அங்கே தலையெடுக்க முடிவதில்லை. மாதவிலக்கு முடிந்த சில நாள் ஈரம் குறைவாக இருக்கும். சினைமுட்டை வெளியாகும் சமயத்தில் நிறமில்லாமல் வழவழவென்று, விரலில் இழுத்தால் நூலாக நீளும். அப்புறம் கெட்டியாகி வெள்ளையாகும். உள்ளாடையில் காய்ந்தால் இளமஞ்சள் கறை. கர்ப்ப காலத்தில் கூடுதலாகவே படும். நாற்றமில்லை, அரிப்பில்லை, எரிச்சலில்லை என்றால் அது நோயே இல்லை.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? சோப்பும் கிருமிநாசினியும் போட்டு உள்ளே வரை கழுவுகிறோம். காவலுக்கு இருக்கிற பாக்டீரியாதான் முதலில் சாகிறது. இதற்கென்றே வாசனைத் திரவம் விற்கிறார்களே, அதை வாங்குகிற காசுக்குப் பழம் வாங்கிச் சாப்பிடலாம். வெளியே வெறும் தண்ணீர் போதும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்? திரிந்த தயிர் போலத் திட்டுத்திட்டாக வந்து, அரிப்பு தாங்கவில்லை என்றால் பெரும்பாலும் பூஞ்சை. அடிக்கடி வந்தால் சர்க்கரை பார்த்துவிடுங்கள். சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் கவிச்சி அடித்தால் அந்த நல்ல பாக்டீரியா குறைந்துவிட்டது என்று பொருள். மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வந்தால் ட்ரைக்கோமோனாஸ் தொற்றாக இருக்கலாம். ஓரமாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே, இது உங்களுக்கு. இந்தத் தொற்று ஆணிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. மனைவி மட்டும் மாத்திரை சாப்பிட்டால் உங்களிடமிருந்தே திரும்ப ஒட்டும். இருவரும் சேர்ந்து சாப்பிட வேண்டும்.

ரத்தம் கலந்து துர்நாற்றத்தோடு வந்தாலோ, உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, மாதவிடாய் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபிறகு சொட்டு ரத்தம் பார்த்தாலோ, கைவைத்தியத்துக்கு அங்கே இடமில்லை. கருப்பை வாயை டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே போங்கள்.

ஆனால் எத்தனை பேர் போகிறோம்? மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் ராணி பங்கும் அவர் கணவர் அபய் பங்கும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-ல் முடிவை வெளியிட்டார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பெண்நோயோ பால்வினை நோயோ இருந்தது. அதற்கு முன் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம் மட்டுமே! கோவாவில் பின்னாளில் நடந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. வெள்ளைப்படுகிறது என்று சொன்ன பலருக்குக் கிருமித் தொற்று இல்லை. மனச்சோர்வும் கவலையும் இருந்தன. நோய் இருக்கிறவள் சொல்வதில்லை. சொல்கிறவளுக்கு வேறு நோவு. அவளிடம் “வீட்டில் எப்படி இருக்கிறாய்?” என்று கேட்காமல் மாத்திரையை நீட்டுவது என்ன வைத்தியம்?

மருந்துக்கடையில் “வெள்ளைக்கு ஒரு மாத்திரை” என்று கேட்காதீர்கள். பூஞ்சைக்கான மாத்திரை கவிச்சி வாடைக்கு உதவாது. டாக்டரிடம் நிறம், நாற்றம், அரிப்பு, எத்தனை நாள், நாலையும் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டியவர்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை இலவசம். சில நிமிஷ வேலை.

கூட்டம் முடிந்ததும் கிராம சுகாதார செவிலியர் பின்னால் அறையில் இருப்பார். கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். டீக்கு முன்னாலேயே போய்விடுங்கள், அப்புறம் வரிசை நீண்டுவிடும்.