அம்மா இருந்தும் அநாதை

பரவையில இருந்து பேசுறேன். காய்கறி மார்க்கெட்டுக்குப் போற லாரிச் சத்தம் நடுவுல கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

பிறந்தநாள் வந்தா, "ஏதாவது ஒரு ஹோம்ல சாப்பாடு போடலாம்டா"ன்னு நம்ம குரூப்ல ஒருத்தர் சொல்வாங்க. போவோம், பிரியாணி கொடுப்போம், பிள்ளைகளோட செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைப்போம். (அந்தப் பிள்ளைகளை அடையாளம் காட்டுற மாதிரி படம் வெளியிடுறது சட்டப்படி தப்பு. அது தெரியாமத்தான் பலர் வைக்கிறாங்க.) அங்க இருக்குறவங்களுக்கு அப்பா அம்மா கிடையாதுன்னு நாமளே முடிவும் பண்ணிக்குவோம். உலகம் முழுக்க எடுத்துப் பார்த்தா, காப்பகங்கள்ல வளர்ற பிள்ளைகள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்பாவோ அம்மாவோ ஒருத்தராவது உயிரோட இருக்காங்க. அதனால, இந்த இல்லங்களோட வரலாற்றைப் படிக்கும்போது நான் ஒரு கேள்வியைக் கையில வெச்சுக்குவேன்: ஆரம்பிச்சவங்க அந்த அம்மாவை என்ன பண்ணாங்க?

பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல போய் எழும்பூர்ல இறங்கியிருப்பீங்க. அந்த இடத்துலதான் கம்பெனி ஆட்சிக் காலத்துல, 1789-ல, ஆண் பிள்ளைகளுக்கு ஒரு அநாதை விடுதி தொடங்கினாங்க. பெண் பிள்ளைகளுக்கு அதுக்கு முன்னாடியே, 1787-லயே ஒண்ணு வந்துடுச்சு. பெரும்பாலும் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் நம்ம ஊர்ப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைங்க. அப்பா இறந்திருப்பார், இல்லேன்னா கப்பல் ஏறியிருப்பார். அம்மா பல பேருக்கு இருந்தாங்க. அந்த அம்மாகிட்ட வளர்ந்தா பிள்ளை கெட்டுப்போகும், அதனால பிரிக்கணும்ங்கிறதுதான் நிர்வாகத்தோட நினைப்பு.

அந்த ஆண்கள் விடுதியை நடத்தினவர் ஆண்ட்ரூ பெல், ஸ்காட்லாந்துக்காரப் பாதிரியார். நம்ம ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க மணல்ல விரலால எழுதிப் படிக்கிறதைப் பார்த்துட்டு, விடுதியிலயும் அதையே கொண்டுவந்தார். தெரிஞ்ச பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கணும். நம்ம சட்டாம்பிள்ளை மாதிரின்னு வெச்சுக்கோங்க. 1797-ல இதை லண்டன்ல புத்தகமாப் போட்டார். 'மெட்ராஸ் முறை'ன்னு இங்கிலாந்து முழுக்கப் பரவுச்சு. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல 'மெட்ராஸ் காலேஜ்'னு ஒரு பள்ளிக்கூடம் இன்னிக்கும் இருக்கு, அவர் விட்டுட்டுப்போன பணத்துல வந்தது. பெல்லுக்குப் பேர் கிடைச்சுது. எழும்பூர்ல பிள்ளையைக் கொடுத்துட்டு நின்ன அம்மாக்களைப் பத்திக் கேட்க ஆளில்லை.

இதுக்கு நேர் எதிரா ஒருத்தர் வர்றதுக்கு நூற்றி நாற்பது வருஷம் ஆச்சு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1886-ல புதுக்கோட்டையில பிறந்தவர். அவரோட அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபுல வந்தவங்க. சட்டமன்றத்துல தேவதாசி முறையை ஒழிக்கணும்னு முத்துலட்சுமி போராடினப்போ, அந்தக் குடும்பங்கள்ல இருந்து தப்பி வந்த சிறுமிகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாங்க. விடுதிகள்ல சேர்க்க முயற்சி பண்ணா, பிறப்பைக் காரணம் காட்டி மறுத்துட்டாங்க. வீட்டுலயே வெச்சுக்கிட்டார். அதுதான் 1930 வாக்குல ஔவை இல்லம் ஆச்சு. அந்தப் பிள்ளைகளுக்கும் அம்மா இருந்தாங்க. அம்மாவோட பேரைச் சொன்னாத்தான் கதவு மூடுச்சு. அதே பேரோட பிறந்து டாக்டரான ஒருத்தர் கதவைத் திறந்தார். அவர் கொண்டுவந்த மசோதாவை பெங்களூர் நாகரத்தினம்மாள் மாதிரி தேவதாசிப் பெண்களே எதிர்த்தாங்கங்கிறதையும் சேர்த்தே சொல்லணும், அதை விட்டுட்டா கதை ரொம்ப சுலபமாயிடும்.

இப்போ நம்ம ரோட்டுக்கு வருவோம். பரவையில இருந்து திண்டுக்கல் ரோட்டுலயே போனா, சின்னாளப்பட்டி பக்கத்துல காந்திகிராமம். 1947-ல ஆரம்பிச்சவர் டாக்டர் சௌந்தரம், மதுரை டி.வி.எஸ். குடும்பத்துப் பொண்ணு. சின்ன வயசுல கல்யாணம், 1925-ல கணவர் இறந்துட்டார். அதுக்கப்புறம் டெல்லி போய் டாக்டருக்குப் படிச்சு, 1940-ல ஜி. ராமச்சந்திரனை மறுமணம் பண்ணார். அந்தக் காலத்துல அந்தக் குடும்பத்துல! அவர் ஆரம்பிச்சது பிரசவம் பார்க்கிற சின்ன ஆஸ்பத்திரியில இருந்து. கைவிடப்பட்ட பச்சைக் குழந்தைகளுக்கான இல்லம், பெண்களுக்கான பயிற்சி எல்லாம் அதோட வளர்ந்ததுதான். எனக்கு இந்த வரிசை ரொம்பப் பிடிக்கும்: முதல்ல அம்மா.

அரசாங்கம் 1992-ல சேலத்துல தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்துச்சு. பின்னாடி மதுரைக்கும் வந்துச்சு. பெண் சிசுக்கொலை பத்தி உசிலம்பட்டி பேர் நாடு முழுக்க அடிபட்ட காலத்தை ஞாபகம் வெச்சுப் பாருங்க, அந்தத் தொட்டில் உயிரைக் காப்பாத்தியிருக்கு. ஆனா பிள்ளையை வெச்சுட்டுத் திரும்பி நடந்தவங்களுக்கு அதுல ஒண்ணும் இல்லை.

2021-ல மதுரையிலயே நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு காப்பகத்துல இருந்த, ஆதரவில்லாத பெண்ணோட ஒரு வயசுக் குழந்தை கொரோனாவுல இறந்துட்டதா பொய் ஆவணம் காட்டி, குழந்தையை வித்துட்டாங்கன்னு போலீஸ் வழக்குப் போட்டுச்சு. தத்தனேரி சுடுகாட்டுல அடக்கம் பண்ணதாக் கணக்கு. குழந்தையை உயிரோட மீட்டாங்க.

இப்போ இருக்குற 2015 சிறார் நீதிச் சட்டத்துல ஒரு சின்ன விஷயம் இருக்கு. வளர்க்க முடியலன்னு ஒரு அம்மா பிள்ளையை ஒப்படைக்கணும்னா, குழந்தைகள் நலக் குழு முன்னாடி வரணும், அவங்க முதல்ல ஆலோசனை கொடுக்கணும். ஒப்படைச்ச பிறகும், மனசு மாறினா பிள்ளையைத் திரும்ப வாங்கிக்க 60 நாள் இருக்கு. உங்க தெருவுல, ஆஸ்பத்திரியில யாராவது "குழந்தை வேணும்னு ஒருத்தர் கேக்குறாங்க, கொடுத்துடு"ன்னு ஒரு பொண்ணுகிட்ட பேசுறது காதுல விழுந்தா, அந்தப் பொண்ணுகிட்ட இந்த 60 நாளைப் பத்திச் சொல்லுங்க. 1098-க்கு போன் போடுங்க, ராத்திரியிலும் எடுப்பாங்க.