ஓலையிலிருந்து திரைக்கு: சாத்திர தானத்தின் புதிய வழி

(சுருத பஞ்சமி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

கிர்நார் மலைக் குகையில் வாழ்ந்த தரசேனாசாரியார், வழிவழியாகச் செவியால் கேட்டுக் காக்கப்பட்ட ஆகமப் பொருள் தம்மோடு மறைந்துவிடுமோ என்று அஞ்சினார். புட்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்க்கு அதனைக் கற்பித்தார். அவர்கள் எழுதியதே ஷட்கண்டாகமம். நினைவில் இருந்த அறிவு எழுத்தில் ஏறிய அந்நாளே சுருத பஞ்சமி. ஆதலின், அறிவைத் தாங்கும் கருவி மாறுவது சமணர்க்குப் புதிதன்று. அம்மாற்றத்தை விழாவாகவே கொண்டாடும் மரபு அவர்களுடையது.

எனினும், கருவி மாறும்பொழுதெல்லாம் ஓர் இழப்பும் நேர்ந்துள்ளது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான வளையாபதியில் இன்று கிடைப்பவை ஏறத்தாழ 70 பாடல்களே. அவையும் பிறர் தம் உரைகளிலும் தொகை நூலிலும் எடுத்தாண்டமையால் பிழைத்தவை. படி எடுப்பார் இல்லாத நூல் செல்லரித்து மறைகின்றது. இதனை நன்கு உணர்ந்தவர் 10ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை அம்மையார். பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை 1000 படிகள் எழுதுவித்து வழங்கினார். உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாத்திரத்தையும் தானமாக வைத்த சமயத்தில் அச்செயல் தலைசிறந்த அறமாகப் போற்றப்பட்டது.

ஓலையிலிருந்து அச்சுக்கு மாறிய காலத்தையும் நோக்குவோம். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்த உ.வே. சாமிநாதையர்க்குச் சமயக் கருத்துகள் விளங்காமல் தடைப்பட்டபோது, கும்பகோணத்துச் சைனச் சான்றோர் ஐயம் தீர்த்து உதவினர். அந்நூல் 1887இல் வெளிவந்தது. ஏடு ஒன்றே போதியதாக இருக்கவில்லை. ஏட்டின் பொருளறிந்த மனிதரும் வேண்டியிருந்தனர். மூடபித்ரியில் இருந்த தவளை முதலிய ஓலைச்சுவடிகளோ நெடுங்காலம் வணங்குதற்கு உரியனவாக மட்டுமே இருந்தன. அரிதின் முயன்று படி எடுத்த பின்னரே, பேராசிரியர் ஹீராலால் ஜைன் முயற்சியால் 1939 முதல் 16 தொகுதிகளாக அச்சேறின. பூட்டி வைத்துப் பூசித்தலினும் படித்துப் பரப்புதலே சுருதத்துக்குச் செய்யும் உண்மையான வழிபாடு.

இன்று மூன்றாவது மாற்றம் நிகழ்கின்றது. எழுத்து திரைக்கு வந்துவிட்டது. 1990களில் கணினித் தமிழில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறுபட்டது. அக்காலத்தில் தட்டச்சு செய்த விழா மலர்களை இன்று திறந்தால், தமிழுக்கு மாறாகப் புரியாத குறிகளே தோன்றும். அச்சுப்படியும் தொலைந்திருந்தால் அம்மலரும் தொலைந்ததே. ஒருங்குறி இக்குறையைத் தீர்த்தது. தமிழ்நாட்டு அரசும் 2010இல் அதனைத் தரமாக ஏற்றது. கிரந்த எழுத்துகள் 2014இல் ஒருங்குறியில் இடம்பெற்றன. மணிப்பிரவாள நடையில் அமைந்த ஸ்ரீபுராணம் போன்ற நூல்களை அவற்றின் இயல்பான எழுத்திலேயே கணினியில் ஏற்றும் வாய்ப்பு இதனால் கிட்டியது.

ஏட்டைப் படம் பிடித்தாலே பணி முடிந்தது என்று பலர் கருதுகின்றனர். படம் ஓலையைக் காக்குமேயன்றி, நூலைத் தேடவோ படிக்கவோ கற்பிக்கவோ தானே உதவாது. பழஞ்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காணப்படா. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் நிற்கும். இவற்றை இடம் நோக்கிப் பிரித்தறிய யாப்பும் மொழியும் சமயப் பொருளும் தெரிந்த வாசகர் வேண்டும். அத்தகையோர் பெரும்பாலும் முதியோர். அவர்கள் படித்துச் சொல்ல இயலும் காலமே இப்பணிக்குரிய காலம்.

இதில் மற்றோர் அவசரமும் உண்டு. இன்றைய மாணவர் ஐயம் எழுந்தால் செயற்கை நுண்ணறிவைக் கேட்கின்றனர். அவ்வியந்திரம் தனக்குக் கிடைத்த எழுத்துகளைக் கொண்டே கற்கின்றது. கிடைக்காதவற்றை அறியாது, சில வேளைகளில் இல்லாத பாடலையும் இருப்பதுபோல் புனைந்து தரும். திருத்தமான மூலம் பொதுவெளியில் இருந்தால்தான் மாணவர் ஒப்பிட்டு உண்மை தெளிய முடியும். சமண நூல்களைச் சமணர் எழுதி வைக்காவிடின், பிறர் அவற்றைப் பற்றிக் கூறியவையே எஞ்சும்.

செய்யத்தக்கவை எளியன. இல்லத்துப் பெட்டகத்தில் உள்ள சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் முதலில் பட்டியலிடுக. சுவடி நூலகத்தாரின் வழிகாட்டுதலோடு தூய்மை செய்து, ஒவ்வோர் ஏட்டின் இருபுறமும் படம் எடுக்க. பின்னர் ஒருவர் படிக்க, ஒருவர் எழுதுக. முன்பும் ஏடு பெயர்த்தெழுதியோர் கையாண்ட முறை இது. இப்போது பாட்டனார் படிக்கப் பேரன் பேத்தியர் ஒருங்குறியில் தட்டச்சு செய்யலாம். பிள்ளைகள் அதன்வழிப் பழைய எழுத்தையும் அறநூலையும் ஒருங்கே கற்பர். இரு சுவடிகளில் பாடம் வேறுபட்டால் ஒன்றை அழித்து மற்றொன்றை நிறுத்தாமல் இரண்டையும் குறித்து வைக்க. ஒரு பொருளைப் பல நிலைகளில் நோக்கும் அநேகாந்தம் கற்பிப்பதும் அதுவே. முடிந்த பணியை ஒரே இடத்தில் வையாமல், மூன்று படிகளாக வெவ்வேறு ஊர்களில் வைக்க.

'எங்கள் ஏட்டைப் பிறர் எடுத்துக்கொள்வரோ?' என்னும் அச்சம் சிலருக்கு உண்டு. மிகுபொருள் விரும்பாமையை நோன்பாகக் கொண்ட அறத்தில் அறிவைப் பூட்டி வைத்தல் பொருந்துமா என்று அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓலை உரியவரிடமே இருக்கட்டும். அதில் உள்ள எழுத்து உலகுக்குச் செல்லட்டும்.

அத்திமப்பையார்க்கு 1000 படிகள் எழுத ஓலையும் எழுத்தாளரும் பெரும்பொருளும் வேண்டியிருந்தன. இன்று ஒருமுறை பிழையற எழுதினால் ஆயிரவர் பெறுவர். ஆதலின், அடுத்த சுருத பஞ்சமிக்குள் ஒவ்வோர் ஊரிலும் ஒரு நூலேனும் இவ்வாறு எழுதி முடிக்கப்பெறுதல் வேண்டும்.

வாழ்க அறம், வளர்க சுருதம்.