முதுமையும் நடையும்



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும்போது நடந்த கூட்டங்கள் கணக்கிடப்படும். வெளிவந்த நூல்கள் கணக்கிடப்படும். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அகவை பத்து கூடியிருக்கிறது என்பது மட்டும் கணக்கில் வருவதில்லை. தொடக்க நாளில் ஐம்பத்தைந்தில் இருந்தவர் இன்று அறுபத்தைந்தில் இருக்கிறார். முன்வரிசையில் அமர்ந்து கேட்டவர் மாடிப்படி ஏற இயலாமல் ஒரு மாதம் வரவில்லை, மறுமாதமும் வரவில்லை, பிறகு அவரைப் பற்றிக் கேட்பாரும் இல்லை. முதிய கவிஞர் பலர் எழுதுவதை நிறுத்துவதற்கு முன்னரே நடப்பதை நிறுத்திவிடுகின்றனர்.

முதுமையில் உடல் இயங்க வேண்டும் என மருத்துவர் கூறுவர். எதை நோக்கி, யாரோடு இயங்குவது என்பதற்குத் தமிழிலக்கியம் விடை வைத்திருக்கிறது. அவ்விடையைத் தேடிச் செல்லத்தக்க நிலமும் கல்வராயன் மலைக்கும் தென்பெண்ணைக்கும் இடைப்பட்ட இந்த நடுநாட்டிலேயே இருக்கிறது.

இரு முதியவர்

புறநானூற்றில் முதுமையைப் பாடும் பாடல்களுள் இரண்டு அருகருகே வைத்து நோக்கத்தக்கவை. ஒன்று 243ஆம் பாடல். இளமையில் மணலில் பாவை செய்து விளையாடியதையும், ஆற்றங்கரை மருதமரத்துக் கிளையிலிருந்து ஆழமான மடுவில் குதித்து அடிமணலை அள்ளிக் காட்டியதையும் ஒரு முதியவர் நினைந்து இரங்குகிறார். இன்றோ கையில் கோல், உடலில் நடுக்கம், பேச்சிடையே இருமல். பாடியவர் பெயரே அப்பாடலில் வரும் ஊன்றுகோலால் அமைந்தது. தொடித்தலை விழுத்தண்டினார் என்பது அது.

மற்றொன்று பிசிராந்தையார் பாடிய 191ஆம் பாடல். அகவை பல கடந்தும் தலை நரைக்காதது ஏன் என வினவிய சான்றோர்க்கு அவர் கூறும் விடை மருந்தைப் பற்றியதன்று, உணவைப் பற்றியதுமன்று. மாண்புடைய மனைவி மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், தீமை செய்யாத வேந்தன், எல்லாவற்றுக்கும் மேலாக அவர் வாழும் ஊரில் அடக்கமுடைய சான்றோர் பலர். இவையே காரணம் என்கிறார்.

அத்தகைய பிசிராந்தையார் பாண்டி நாட்டிலிருந்து சோழ நாடு வரை வழிநடந்தார் என்பதும் உடன் எண்ணத்தக்கது. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், தன் நண்பர் வருவார் என்று இடம் ஒதுக்கச் செய்தான். அவரும் வந்து சேர்ந்தார். முதல் முதியவரிடம் எஞ்சியிருப்பது நினைவு ஒன்றே. இரண்டாமவருக்குச் சூழ மாந்தர் உண்டு. சென்றடைய ஓர் இடமும் உண்டு. முதுமையில் கால்களை நடத்துவது மாந்தரும் இலக்குமே என்பது இவ்விரு பாடல்களையும் இணைத்துப் படிக்கையில் விளங்கும்.

ஆற்றுப்படை என்னும் வழிகாட்டி

நடைக்கென்றே ஓர் இலக்கிய வகையைக் கண்ட மொழி தமிழ். ஆற்றுப்படை என்பது முன்னே சென்று மீண்டவர், பின்னே செல்வோர்க்கு வழி கூறுவது. பத்துப்பாட்டுள் 583 அடிகளால் அமைந்த மலைபடுகடாம், இப்பகுதிக்கு மிக அண்மையது. அதன் தலைவனாகிய நன்னன் ஆண்டது செங்கத்தை. சவ்வாது மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடைப்பட்ட நிலம் அது.

பெருங்கௌசிகனார் அந்நூலில் கூத்தர் கூட்டத்துக்குக் கூறும் அறிவுரைகள், இன்று மலைநடை செல்வோர்க்கும் பொருந்துவன. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு உறையும் இடம் எது, வழுக்கும் பாறையை எவ்வாறு கடப்பது, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு ஒதுங்குவது, எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என ஒவ்வொன்றும் சொல்லப்படுகிறது. இவற்றைச் சொல்ல இளமை வேண்டியதில்லை. நடந்து கண்ட அனுபவம் வேண்டும். ஆற்றுப்படையில் வழி கூறும் இடம், முதியவர்க்கு இயல்பாக உரிய இடம் எனலாம்.

கபிலர் குன்று

திருக்கோவலூரில் தென்பெண்ணை ஆற்றில் நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்பர். பாரி மாய்ந்த பின்னர், அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு பறம்பு நாட்டை நீங்கிய கபிலர், விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் மணம் வேண்டிச் சென்றார்; இருவரும் மறுத்தனர். இச்செய்தி புறநானூற்றில் உண்டு. பாரி மகளை மலையனுக்கு அளித்தபின் அவர் தீப்புகுந்ததாகத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு கூறுகிறது. வடக்கிருந்து உயிர்நீத்ததாகப் புறநானூற்றுக் குறிப்பு கூறுகிறது. முடிவு எதுவாயினும், வாழ்வின் கடைசிப் பகுதியை அவர் தமக்காக நடக்கவில்லை, பிறர்க்காக நடந்தார்.

இதே நடுநாட்டைச் சேர்ந்த திருநாவுக்கரசர் எண்பத்தோராண்டு வாழ்ந்தார் என்பது மரபு. தலந்தோறும் நடந்து சென்ற அவர் கையில் உழவாரப்படை இருந்தது. கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் பணியை அவர் இழிவாகக் கருதவில்லை. காலுக்கு நடை போலக் கைக்கும் வேலை வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

மருத்துவம் கூறுவது

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறைகள், அறுபத்தைந்தைக் கடந்தோரும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கம் மேற்கொள்ள வேண்டும் என்கின்றன. நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் அக்கணக்கு நிறைவுறும். அதனோடு, கீழே விழாதிருக்க, உடற்சமநிலைக்கும் தசை வலுவுக்கும் உரிய பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. நாளுக்குப் பத்தாயிரம் அடி என்னும் புகழ்பெற்ற கணக்கோ, 1965இல் சப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அதனை எட்டவில்லையே என்று முதியவர் எவரும் வருந்த வேண்டியதில்லை.

மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் சுமை தாங்கும். ஊன்றுகோல் அச்சுமையில் ஒரு பங்கைத் தோளுக்கு மாற்றும். ஆகவே, கோல் தளர்ச்சியின் அடையாளம் மட்டுமன்று, நடைக்குத் துணையுமாகும். இதய நோயும் மூட்டுவலியும் உடையோர் மருத்துவரைக் கலந்தே தொடங்க வேண்டும். கோடையில் வெயில் ஏறுமுன் நடையை முடித்துவிடுவது நன்று.

மலையும் மலைமக்களும்

2019இல் தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியின் மேற்கே கல்வராயன் மலை தொடர்கிறது. வயலும் கரும்புத் தோட்டமும் உள்ள சமவெளியிலிருந்து கச்சிராயபாளையம் வழியே கோமுகி அணையை அடைந்து, அங்கிருந்து வெள்ளிமலை, கரியாலூர் வரை மேலேறினால், மருதமும் முல்லையும் குறிஞ்சியும் ஒரே நாளில் கண்ணுக்குப் புலனாகும். வகுப்பறையில் திணை கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் இதனினும் சிறந்த உரைநூல் இல்லை.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. சாமையும் தினையும் மரவள்ளியும் விளைவித்து, கடுக்காயும் புளியும் திரட்டி வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு நடை பொழுதுபோக்கன்று. சாலை எட்டாத சிற்றூர்களில் அது பிழைப்பு. நோயாளியைச் சுமந்து இறங்குவோர்க்கு அது துன்பம். சமவெளியிலிருந்து செல்வோர் அந்நடையை அழகென்று பாடிவிட்டுத் திரும்புதல் முறையாகாது. மலையின் ஒவ்வொரு சரிவுக்கும் ஓடைக்கும் மரத்துக்கும் பெயர் அறிந்த மூத்தோர் அங்கே உள்ளனர். அவர்களை ஆசிரியராகக் கொண்டு, கேட்டு, எழுதிக்கொள்வதே புலவர்க்குரிய முறை. அம்மூத்தோர் மறைந்தால் அகராதியில் ஏறாத சொற்களும் உடன் மறையும்.

வட்டத்தின் முன் உள்ள பணி

ஆகவே, வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு ஒரு பணி காத்திருக்கிறது. மாதம் ஒரு கூட்டம் நடப்பது போல மாதம் ஒரு நடையும் நடத்தலாம். இயல்வோர் மலைமேல் நடக்கலாம்; இயலாதோர் பேருந்தில் வெள்ளிமலை சென்று அங்கே சமநிலத்தில் சிறிது தொலைவு நடக்கலாம். அதுவும் இயலாதோர்க்குக் கோமுகி அணைப்பகுதியும், நீர் குறைந்த காலத்துப் பெண்ணையாற்றங்கரையும் உள்ளன. மூத்த உறுப்பினர் ஒவ்வொருவரோடும் இளம் கவிஞர் ஒருவர் உடன் செல்லலாம். மூத்தவரின் விரைவே அந்நடையின் விரைவாக இருக்கட்டும். கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டவர்களின் வீடுகளே முதல் நடையின் இலக்காகட்டும். தெருமுனை வரை அவர்களோடு நடந்து திரும்பினாலும் அது நடையே.

மலைபடுகடாத்தில் ஓர் அறிவுரை உண்டு. வழிகள் பிரியும் இடத்தை அடைந்தால், நிலத்தைத் துடைத்து, சரியான வழியில் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்ல வேண்டும். பின்னே வருவோர் வழிதவறாதிருக்க அது உதவும். புல்லை முடிய வலிமை பெரிதாக வேண்டியதில்லை. அவ்விடம் வரை நடந்து சென்றிருக்க வேண்டும். பின்னே வருவோர் உண்டு என்ற நம்பிக்கையும் வேண்டும். மூத்தோர் நடக்கட்டும், இளையோர் உடன் நடக்கட்டும்.