இன்னொரு பாட்டில் டிரிப்ஸ் தேவையா?

 

வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் ஆனால் வார்டில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "டிரிப்ஸை ஏன் நிறுத்திட்டாங்க? இன்னொரு பாட்டில் போடச் சொல்லுங்க." நோயாளிகளுக்குத் துணையாகப் போகும் எங்கள் மருத்துவ உதவிக் குழுவினரும் பல காலம் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

ஒரு பெரியவருக்குக் குடலில் ஆபரேஷன் நடந்தது. மறுநாள் சிறுநீர் குறைந்துவிட்டது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அவருடைய மகனும் நாங்களும் டியூட்டி டாக்டரிடம் போய் நின்றோம். அவர் பாட்டில் மாட்டச் சொல்லவில்லை. சின்ன ஸ்கேன் மிஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தள்ளிவந்து, சில நிமிடம் வைத்துப் பார்த்தார். "வாப்பாவுக்குத் தண்ணீர் குறைவில்லை. நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்திருக்கிறது. இன்னும் ஏற்றினால் மூச்சுத் திணறும்" என்றார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லது செய்வதாக நினைத்து எதைக் கேட்டு நின்றோம்!

ஆபரேஷனுக்குப் பிறகு ஓரிரு நாள் உடம்பே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே, சிறுநீர் குறைந்தாலே தண்ணீர் பற்றவில்லை என்று முடிவு கட்ட முடியாது. அதற்காகக் குறைத்துக்கொண்டே போவதும் சரியல்ல. பெரிய வயிற்று ஆபரேஷன் செய்த சுமார் 3,000 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. அதில் திரவத்தை மிகவும் கட்டுப்படுத்தியவர்களுக்கே சிறுநீரகப் பாதிப்பு கூடுதலாக இருந்தது. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

ஸ்கேனில் டாக்டர் முக்கியமாக மூன்று இடங்களைப் பார்க்கிறார். முதலாவது, வயிற்றிலிருந்து இதயத்துக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய். அது மெலிந்து, மூச்சை இழுக்கும்போது நன்றாகச் சுருங்கினால் தண்ணீர் குறைந்திருக்கலாம். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் விரிந்து, சுருங்காமல் நின்றால் இன்னும் ஏற்றுவதற்கு யோசிக்க வேண்டும். இரண்டாவது, நுரையீரல். நீர் கோத்திருந்தால் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள் பல தெரியும். மூன்றாவது, இதயம் எவ்வளவு பலமாகத் துடிக்கிறது என்பது. இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. எத்தனை முறையும் பார்க்கலாம்.

ஆனால் ஸ்கேன் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. வயிற்றில் கட்டும் வாயுவும் இருந்தால் படம் சரியாகத் தெரியாது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு அந்தக் குழாயின் கணக்கும் மாறும். பிரஷர், நாடி, சிறுநீர், இரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியவை இவை:

இதய நோய், சிறுநீரக நோய், நீர் பிரிய சாப்பிடும் மாத்திரை இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பாசத்தில் யாருக்கும் தெரியாமல் தண்ணீரோ இளநீரோ கொடுக்காதீர்கள். அனுமதித்த பிறகு கொடுத்தால் அளவை நர்ஸிடம் சொல்லுங்கள்.

சிறுநீர்ப் பையை நீங்களே காலி செய்யாதீர்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்குச் சுமார் 30 மில்லி போகிறதா என்று அவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள்.

படுத்தால் மூச்சு வாங்குவது, கால் வீங்குவது, எழுந்தால் தலை சுற்றுவது, நாக்கு வறண்டுபோவது, இவற்றில் எதைக் கண்டாலும் உடனே சொல்லுங்கள்.

டாக்டரிடம் "பாட்டில் போடுங்க" என்று கேட்பதை விட, "உடம்பில் தண்ணீர் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா? ஸ்கேன் வச்சுப் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள்.

அந்தப் பெரியவருக்கு டிரிப்ஸைக் குறைத்து, நீர் பிரிய ஊசி போட்டார்கள். இரண்டு நாளில் மூச்சு சீரானது. அவருடைய மகன் இப்போது எங்களோடு வார்டுக்கு வருகிறார். டிரிப்ஸ் பேச்சு எழுந்தால் முதலில் விளக்கம் சொல்பவர் அவர்தான்.